அடிக்கு ஒன்றரை நூல்

விற்கிறவரிடமே போய் நின்று, "இதுல கோளாறு என்ன?" என்று கேட்கிற மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். குறை சொல்லி விலையைக் குறைக்கிறவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. இவர் அந்த ரகம் இல்லை. கோளாறைத் தெரிந்துகொண்ட பிறகு, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போவார். கோளாறு ஒன்றுமே இல்லை என்று சொல்கிறவர்களிடம்தான் வாங்கமாட்டார்.

ஒரு சீசனில், நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து ஏழெட்டுப் பேர் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தோம். நல்ல சாரல். குளித்துவிட்டு வரும்போது வழியில் மங்குஸ்தான் பழத்தைக் குவித்து வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். இவர் ஈரத்துண்டோடு போய் அவள் முன்னால் குந்தினார்.

"இதுல கோளாறு என்ன தாயி?"

"கோளாறா? தேனு மாதிரி இருக்கும் அண்ணாச்சி."

"தேனுன்னு எல்லாருந்தான் சொல்லுதாவ. கோளாறு என்னன்னு கேக்கேன்."

"விடிஞ்சும் விடியாம யாவாரத்தக் கெடுக்க வந்துட்டேராக்கும். எந்திச்சுப் போரும்வே."

பக்கத்துக் கடைக்காரருக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, இங்கன வாங்க. எங்கிட்ட இருக்கதுல நாலுக்கு ஒண்ணு மஞ்சப்பால் எறங்கிக் கசக்கும். மேல பாத்தாத் தெரியாது. இஷ்டம்னா எடுங்க" என்றார். இவர் இரண்டு டஜன் வாங்கினார். எங்களுக்குப் பங்கு வைக்கும்போது, "நாலுக்கு ஒண்ணு கசக்கும்லே, பாத்துத் தின்னுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். யாருக்காவது கசந்தால் மற்றவர்கள் கைதட்டிச் சிரித்தோம். அன்றைக்குக் கசந்த பழத்துக்காக ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

"தெரிஞ்ச கோளாறு கோளாறே இல்ல. அதுக்குத் தக்கன நாம நடந்துக்கிடலாம்லா" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டார். எனக்குத்தான் அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. பட்டறையில் முதலாளியைத் தவிர எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான்.

தென்காசியில் ரயில் நிலையத்துக்குப் போகிற பக்கம் அந்த இரும்புப் பட்டறை இருந்தது. நெல் ஆலைகளுக்கு உதிரிச் சாமான்கள், மர அறுவை மில்லுக்கு வேண்டியவை, மலைமேல் தோட்டங்களுக்குத் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் செய்து கொடுப்போம். டிப்ளமோ முடித்த நான் அங்கே படம் வரைகிறவன். அண்ணாச்சி மார்க்கிங் பார்க்கிறவர். அதாவது, இரும்புத் தகட்டில் எங்கே வெட்ட வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று பஞ்ச் என்கிற கூர்முனை உளியால் தட்டிப் புள்ளி வைப்பது அவர் வேலை. அந்தப் புள்ளி தப்பினால் பின்னால் வருகிற அத்தனை பேர் வேலையும் தப்பும். பதினாறு வருடத்தில் அவர் வைத்த புள்ளி தப்பி ஒரு தகடு வீணானது என்று பட்டறையில் யாரும் சொன்னதில்லை. 'அண்ணாச்சி புள்ளி' என்றால் மறுபேச்சு இல்லை. அவருக்கு இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

எங்கள் பட்டறைக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது. சின்னச் சாமான்களுக்கு நான் முழு அளவிலேயே தாளில் வரைந்து கொடுத்துவிடுவேன். அண்ணாச்சி அந்தத் தாளின் நாலு மூலையிலும் கெட்டியான மைதாப் பசையைத் தொட்டு அப்படியே தகட்டின்மேல் ஒட்டி, கோடு சந்திக்கிற இடங்களில் தாளோடு சேர்த்துத் தட்டிவிடுவார். தனியாக அளந்து கோடு போடுகிற வேலை மிச்சம். நான் வரைந்தது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் நடந்த காரியம் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் என்னிடம் கேட்டார்:

"சார், ஒங்க கையில கோளாறு என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்து, "சின்ன வட்டம் போடும்போது காம்பஸ் முனை கொஞ்சம் நகந்துரும் அண்ணாச்சி" என்றேன். "அப்பம் சின்ன வட்டத்த நான் அளந்துக்கிடுதேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை. என்னைப் பற்றி ஒரு மனிதர் அவ்வளவு சுளுவாக ஒரு குறையைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பட்டறைக்குத் துளை போடும் மெஷின் ஒன்று பழையதாக வாங்க முதலாளி இவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். விற்றவர் ஏதேதோ பெருமை சொன்னாராம். இவர் வழக்கம்போலக் கேட்க, கடைசியில் அந்த மனிதர், "அரை நூல் இடப்பக்கம் சாயும்" என்று ஒப்புக்கொண்டார். இரும்பு வேலையில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. முதலாளி திரும்பிவிடப் பார்த்தார். இவர்தான், "சொல்லிட்டாருல்லா முதலாளி, எடுங்க" என்று வாங்க வைத்தார். அன்று முதல் அந்த மெஷினில் வைக்கிற பலகைக்கு இடப்பக்கம் ஒரு மெல்லிய தகடு கொடுத்துத்தான் துளை போட்டார்கள். கோளாறு இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது.

இதற்கெல்லாம் மேலே, பெண் பார்க்கப் போன கதை. இலஞ்சியில் அவர் வீட்டில் ஒருமுறை சாப்பிட்டபோது அவருடைய மனைவியே சொன்னார். அந்த அக்காவுக்குப் பிறந்த ஊர் வடகரை.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல எல்லாருக்கும் முன்னால, 'எனக்கு எடது காது மந்தம், பேசுததுன்னா வலப்பக்கமா நின்னுதான் பேசணும், ஒனக்குக் கோளாறு என்ன'ன்னு கேட்டாவ தம்பி. எங்கய்யா மொகம் செத்துப்போச்சு."

"நீங்க என்ன சொன்னிய?"

"எனக்கு விடியக்காலம் எந்திரிக்க வராதுன்னு சொல்லிப்போட்டேன். எங்கம்மா தொடையில கிள்ளுதா. இவுக என்னடான்னா, 'சரி, காப்பி நான் போட்டுக்கிடுதேன்'ன்னு தட்ட மாத்திட்டாவ."

அண்ணாச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னைக்கு வரைக்கும் நாந்தானே போடுதேன்" என்றார். அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. குறைகள் எல்லாம் முதல் நாளே பேசி முடிந்துவிட்டன போலும்.

தன் சாமான் விற்கும்போதும் அதே கதைதான். உதைக்கிற மாட்டை உதைக்கும் என்று சொல்லி விற்கப் போய், ஒரு மாதம் அது விலை போகாமல் தொழுவத்திலேயே நின்றது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று பட்டறையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எண்பதுகளின் கடைசியில் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. ஆசையைக் கிளப்பிவிட்டவன் நான். என் மைத்துனன் மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். மாமனார் வீட்டுக்குப் போனால் அவனைப் பற்றியே பேச்சு ஓடும். என்னை யாராவது புதிதாக வந்தவர் விசாரித்தால், "மாப்பிள்ளை படம் வரையுதாரு" என்பார்கள், ஏதோ கோயில் சுவரில் வரைகிறவனைச் சொல்வதுபோல. தென்காசியில் முதன்முதலில் கம்ப்யூட்டரில் படம் போடுகிற ஆள் நான்தான் என்று ஆகிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. வெறி என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியவில்லை.

மெஷின் வாங்குவது ஒன்று, அதில் படம் போடுகிற புரோகிராம் வாங்குவது இன்னொன்று என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் பேர் சொல்கிற வெளிநாட்டுப் புரோகிராமின் விலைக்கு இன்னொரு லேத் வாங்கலாம். அதற்கு மெஷினுக்குள் தனியாக ஒரு கணக்குச் சில்லும், அதாவது சிப்பும், போட வேண்டும். அதையே திருட்டுத்தனமாக ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். முதலாளி அதைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். "ஆயுத பூசைக்கு அதுக்கும் சேத்துல்லாவே பொட்டு வைக்கணும். களவாண்ட சாமானுக்கு நான் பொட்டு வைக்கமாட்டேன்" என்றார். மூன்றாவதாக, மதுரையில் ஒருவர் தானே எழுதி விற்கிற புரோகிராம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். விலை எங்களுக்குக் கட்டுபடியாகிற விலை. இரண்டே ஃப்ளாப்பி. சில்லும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கோடு, வட்டம், அளவு எழுதுவது எல்லாம் ஒழுங்காக வந்தது. அரைநாள் உட்கார்ந்து எங்கள் சாமான்கள் நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வேலைக்கு அது போதும். அந்தத் தேர்வில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

கிளம்பும்போது, நான் கேட்காமலே அந்த மனிதர் சொன்னார்: "ஒரு விஷயம் சார். நீங்க வாங்கப்போற பிரிண்டர்ல தாள் நீளவாக்குல கொஞ்சம் இழுத்துரும். அடிக்கு ஒன்றரை நூல் கூடும். பெரிய புரோகிராம்ல அதைத் திருத்த வழி வச்சிருக்கான். என்னுதுல இன்னும் வைக்கலை. மேல எழுதியிருக்க அளவுதான் கணக்கு. தாள்மேல ஸ்கேலை வச்சு மட்டும் வேலை செஞ்சிராதீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் ஏற்கெனவே ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். ஒரு கோளாறு காதில் விழுந்தால் போதும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விடுவார். ராஜபாளையம் தாண்டுவதற்குள் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம். அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

கண்ணாடித் தடுப்பு வைத்து, ஏசி போட்டு, எனக்கு ஒரு அறை தயாரானது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். திறப்பு விழா மாதிரி எல்லோரும் வந்து நின்றார்கள். திரையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் எட்டுத் துளை போட்டு, தாளில் அடித்துக் காட்டினேன். பிரிண்டர் கிர்கிர்ரென்று ஓடியதை எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அண்ணாச்சி தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வலது காதை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்டார்:

"சார், இதுல கோளாறு என்ன?"

முதலாளி என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். நான் சிரித்தேன்.

"கம்ப்யூட்டர்ல கோளாறு வராது அண்ணாச்சி. மனுஷன் கைதான் தப்பும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "கோளாறே இல்லாத சாமான இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நம்பித்தான் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கோளாறு சொல்லாதவர்களிடம் எதையும் வாங்காத மனிதர், என்னிடம் வாங்கிக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில், செங்கோட்டைக்கு மேலே மலைத் தோட்டம் ஒன்றில் தண்ணீர்க் குழாய் உடைந்துபோய் ஆர்டர் வந்தது. நான்கு குழாய்கள். ஒவ்வொரு முனையிலும் ஃபிளாஞ்சு, அதாவது குழாயைக் குழாயோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்குவதற்கான ஓரடி அகல இரும்பு வளையம். பழைய குழாயின் அளவு கைவசம் இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டு முழு அளவில் தாளில் அடித்துக் கொடுத்தேன். கையால் என்றால் அரைநாள் ஆகும். கால்மணி நேரத்தில் முடிந்தது. முதலாளி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பூரித்துப்போனார்.

அண்ணாச்சி பசைச் சட்டியோடு வந்தபோது நான் கண்ணாடிக்கு உள்ளே இருந்தேன். அவர் தாளை ஒட்டுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒட்டிவிட்டு, பஞ்ச் உளியைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடி வழியாக என்னை ஒருதரம் பார்த்தார். தலையைச் சற்று உயர்த்தி, சரிதானே என்று கேட்கிற பார்வை. எழுந்துபோய், "அண்ணாச்சி, காம்பஸை வச்சு ஒருதரம் அளந்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடக் கேட்டிருக்கமாட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் தட்டத் தொடங்கினார்.

தோட்டத்துக்கு நானும் அவரும்தான் போனோம். லாரி நிற்கிற இடத்திலிருந்து குழாய்களை ஆட்கள் தோளில் வைத்து ஒரு மைல் ஏற்றினார்கள். தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பதினைந்து நாளாகக் குழாய்த் தண்ணீர் இல்லை. நாங்கள் வந்திருக்கிறோம் என்று கேள்விப்பட்டுப் பெண்கள் குடங்களோடு வந்து தூறலில் நின்றார்கள். முதல் குழாயைத் தூக்கிப் பழைய குழாயோடு வைத்தோம். ஒரு பக்கம் இரண்டு போல்ட் நுழைந்தது. எதிர்ப்பக்கத்தில் துளையும் துளையும் ஒன்றை ஒன்று பாதி மூடிக்கொண்டு நின்றன. வளையத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தோம். ம்ஹூம்.

"எந்தா சாரே, சேரலையா?" என்று தோட்டத்து மேஸ்திரி கேட்டார்.

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து மடக்கு ஸ்கேலை எடுத்து வளையத்தின் குறுக்கே பிடித்தார். பிறகு நெடுக்கே பிடித்தார். அடுத்த குழாய்க்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். எட்டு வளையத்தையும் அளந்துவிட்டு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"குறுக்க சரியா இருக்கு சார். நெடுக்கத்தான் ஒன்றரை நூல் கூட இருக்கு. எட்டுலயும் ஒண்ணுபோல. என் கை தப்பியிருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தப்பியிருக்கும். இது தாளு."

"தாளா?" என்றேன். எப்படித்தான் எனக்கு அந்த நடிப்பு வந்ததோ. "இருக்காதே அண்ணாச்சி. என்னமோ, போய்ப் பாக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரமில்லை, ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் இருக்கும். பிறகு குனிந்து ஸ்பானரைச் சாக்கில் போட்டுக் கட்டினார். அந்தப் பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் காலையில் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். அவருக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

"பதினாறு வருசம் பாத்த ஆளு. ஒட்டுத மட்டும் ஒட்டி அடிச்சிருக்கேரு. ஒருதரம் அளக்கக்கூடாதாவே?"

"அளக்காம அடிச்சது என் தப்பு முதலாளி" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு நிறுத்தினார். தன் பாதியைச் சொல்லிவிட்டு, மறுபாதியை எனக்காக விட்டுவைத்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"அளவு தாள்லயே எழுதித்தான் இருக்கு முதலாளி."

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் சோறே இல்லாமல் மறைத்தேன்.

அதற்குப் பிறகு மார்க்கிங் வேலை வேறொருவர் கைக்குப் போனது. அண்ணாச்சியைத் துளை மெஷினுக்கு மாற்றினார்கள். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று பட்டறையில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். எல்லாருக்கும் "ஆமா, ஆமா" என்றார். 'அண்ணாச்சி புள்ளி' என்ற பேச்சு அதோடு நின்றது. முதலாளி சொன்னார் என்று, 'தாளை ஒட்டி அடிக்கக் கூடாது' என்று ஒரு அட்டையில் எழுதி மார்க்கிங் மேசைக்கு மேலே மாட்டினோம். எழுதியது நான்தான். என் எழுத்து அழகாக இருக்கும்.

என்னிடம் அவர் முகம் திருப்பியிருந்தால்கூடத் தேவலை. பழையபடிதான் இருந்தார். காலையில் "வாங்க சார்", மாலையில் "வாரேன் சார்". டீ வந்தால் எனக்கு ஒரு தம்ளர் எடுத்து வைப்பார். ஒன்றே ஒன்றுதான் குறைந்துபோனது. முன்பெல்லாம் மகளுக்குச் சைக்கிள் வாங்கப் போனாலும், வீட்டுக்குப் பம்புசெட் பார்க்கப் போனாலும், "சார், நீங்க வந்து ஒரு பார்வை பாருங்க, கோளாறு என்னன்னு சொல்லுங்க" என்று கூப்பிடுவார். அதற்குப் பிறகு என்னிடம் எதைப் பற்றியும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று ஆகிவிட்ட ஆளிடம் யார் கேட்பார்கள்.

சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இலஞ்சிக்குப் போனேன். சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு அவர் வீட்டு வாசலில் நின்றேன். மனதுக்குள் வார்த்தையெல்லாம் அடுக்கித்தான் வைத்திருந்தேன். அவர் உள்ளேயிருந்து வந்து, "வாங்க சார், என்ன இம்புட்டுத் தூரம்?" என்றார்.

"சும்மா. முருகன் கோயிலுக்கு வந்தேன். அப்படியே..."

"நட சாத்தி ஒரு மணி நேரம் ஆச்சே சார்" என்றார்.

அவர் காத்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே, "உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டேன். அந்த அக்கா இரண்டாவது தரம் குழம்பு ஊற்றினார். மழை, விலைவாசி, தேங்காய் வெட்டு எல்லாம் பேசினோம். எழுந்து கைகழுவிவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேரும்வரை என்னை நானே ஏசிக்கொண்டு வந்தேன். ஏசுவது சுலபம். திரும்பிப் போவதுதான் முடியவில்லை.

அடுத்த சீசனுக்குள் எனக்குத் தென்காசியில் இருப்பு கொள்ளவில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால் நேர் எதிரே துளை மெஷினும் அவர் முதுகும். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டரில் படம் போட ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து எழுதிப் போட்டேன். இருபது நாளில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மாமனார் வீட்டில் முதல்தடவையாக எனக்கு இலையில் அப்பளம் இரண்டு விழுந்தது. அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருங்க சார்" என்றார்.

அங்கே சேர்ந்த முதல் நாள். அந்த முதலாளி என்னை உட்காரச் சொன்னார். பெரியவர், நிதானமாகப் பேசுகிறவர்.

"உங்க விண்ணப்பம் வந்த சமயம், நாங்க குடும்பத்தோட குற்றாலத்துக்குத்தானுங்க வந்திருந்தோம். அப்படியே தென்காசியில உங்க பட்டறைப் பக்கம் வந்து விசாரிச்சேனுங்க. நீங்க அன்னைக்கு லீவு. உங்க முதலாளியும் வெளிய போயிருந்தாரு. துளை மெஷின்ல நின்ன ஒரு அண்ணன்தான் இருந்தாரு. காது ஒரு பக்கம் கேக்காதுங்களே, அவரு."

என் கை தானாக மடியிலிருந்து மேசைக்கு வந்தது.

"'ஆளு எப்படிங்க'ன்னு கேட்டேன். 'படம் போடுததுல இவர மாதிரி ஆளு இந்தப் பக்கம் கெடையாது, தயங்காம எடுங்க'ன்னாரு. சரின்னு கெளம்புனா, வாசல் வரைக்கும் கூடவே வந்தாருங்க. வந்து, 'ஒரு கோளாறு உண்டு. சொல்லாம விட்டாப் பாவம். தெரிஞ்ச தப்ப, கேட்டாக்கூட சொல்லமாட்டாரு. அத மட்டும் மனசுல வச்சுக்கிட்டியன்னா வேற ஒண்ணும் பயமில்ல'ன்னாருங்க."

பெரியவர் தொடர்ந்தார். "உங்ககிட்டச் சொல்லாம மனசுல வச்சுக்கறது நல்லால்லீங்க. அதான் சொல்லிப்போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மாதிரிக்காக நான் கொண்டுபோயிருந்த படத்தை என் கையிலிருந்து வாங்கினார். மேசை அறையைத் திறந்து இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்தார். தாளின்மேல் குறுக்கே வைத்துப் பார்த்தார். பிறகு திருப்பி நெடுக்கே வைத்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

பதினெட்டு வருடம் அங்கே வேலை பார்த்தேன். என் படம் ஒவ்வொன்றையும் அவர் அப்படி என் கண்முன்னால் அளந்துவிட்டுத்தான் கீழே வேலைக்கு அனுப்பினார். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.